கேசட்டிலிருந்து கணினிக்கு வீடியோ ஏற்றும்போது படம் துள்ளுவதும் ஒலி விலகுவதும் ஏன்?

உசிலம்பட்டிக்கு அருகிலிருந்து நீங்கள் கேட்டிருந்ததை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1996இல் நடந்த உங்கள் பெற்றோரின் திருமணம் இரண்டு வி.எச்.எஸ். கேசட்டுகளிலும், 2006இல் தாத்தாவை எடுத்த காட்சிகள் மூன்று மினி டி.வி. (சிறிய டிஜிட்டல் வீடியோ) கேசட்டுகளிலும் இருக்கின்றன. கேசட்டை ஓட்ட உறவினர் ஒருவரிடம் இரவல் வாங்கிய டெக்கையும், அதன் படத்தைக் கணினிக்குள் கொண்டுவரப் புதிதாக வாங்கிய யு.எஸ்.பி. கேப்சர் கருவியையும் கொண்டு வி.எச்.எஸ். கேசட்டை ஏற்றிப் பார்த்தபோது படம் சில நேரம் கறுப்பு வெள்ளையாக வருகிறது, இடையிடையே துள்ளுகிறது, ஒரு மணி நேரம் ஓடிய பிறகு ஒலி படத்துக்குப் பின்னால் வருகிறது. ஃபயர்வயர் என்னும் கேமரா இணைப்பு வயர் வழியாக மினி டி.வி. கேசட்டை வெளி டிஸ்கில் ஏற்றினால் ஏறத்தாழ இருபதாவது நிமிடத்தில் பதிவு நின்றுவிடுகிறது. இதற்காகப் புதிய கணினி வாங்க வேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

வாங்க வேண்டியதில்லை. நீங்கள் குறிப்பிட்ட கணினி இந்த வேலைக்குப் போதுமானது. மதுரையில் திருமண வீடியோக்களுக்கு மிக்சிங் செய்வதைப் பல ஆண்டுகள் தொழிலாகக் கொண்டிருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த நான்கு குறைகளில் கணினியைச் சார்ந்தது ஒன்றரைதான், மற்றவை கேசட்டிலும் டெக்கிலும் வயரிலும் இருக்கின்றன. ஆனால் கண்ணுக்கு முன்னால் இருப்பது கணினித் திரை என்பதால் எல்லோரும் அங்கேயே தேடுகிறார்கள், மென்பொருளை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள், ஒவ்வொரு முறையும் அதே கேசட்டை மறுபடி ஓட விடுகிறார்கள். அதில்தான் எனக்குக் கவலை. முப்பது ஆண்டு வயதான நாடா எத்தனை முறை ஓடும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

ஆகவே இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை அந்தத் திருமணக் கேசட்டை டெக்கிலிருந்து எடுத்து வைத்துவிடுங்கள். தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்த பழைய கேசட் ஒன்று உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ கிடைக்கும். சோதனை அனைத்தையும் அதில் செய்யுங்கள். மேலூரிலிருந்து வந்த ஒரு காதணி விழாக் கேசட்டை, குறை எங்கே என்று தெரியாமல், ஒரே நாளில் நான்கு முறை ஓட்டினேன். நான்காவது முறை டெக்கின் ரப்பர் உருளை நாடாவைப் பிடித்து மடித்துவிட்டது. மடிந்த இடம், குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைக்கும் இடம். அந்த மூன்று விநாடியில் இன்றும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அன்றிலிருந்து சோதனைக்கென ஒரு கேசட்டைத் தனியாக வைத்துக்கொள்ளாமல் நான் வேலையைத் தொடங்கியதில்லை.

கேசட்டிலிருந்து தொடங்குவோம். ஜன்னல் வெளிச்சத்தில் கேசட்டைச் சாய்த்துப் பிடித்து, மேலே உள்ள கண்ணாடி வழியாக நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். கறுப்பாக, வழவழப்பாக, ஒரே மட்டமாக இருந்தால் நல்லது. மாவு தூவியது போல வெள்ளையாகத் தெரிந்தால் அது பூஞ்சை. பூஞ்சை பிடித்த கேசட்டை டெக்கில் போடவே கூடாது, ஏனெனில் அது டெக்கினுள் நாடாவைப் படிக்கும் தலையில் ஒட்டிக்கொண்டு அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். அப்படிப்பட்டதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுப்பதே சரி. பூஞ்சை இல்லையென்றால், கேசட்டின் பின்விளிம்பில் உள்ள சிறிய பிளாஸ்டிக் தாழை உடைத்துவிடுங்கள், தவறுதலாகப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் எதுவும் அழியாது. பிறகு ஒரு முறை கடைசிவரை முன்னோக்கி ஓட்டி, மறுபடி தொடக்கத்துக்குச் சுற்றிக் கொண்டுவாருங்கள். பல ஆண்டுகள் பீரோவில் கிடந்த நாடா சில இடங்களில் இறுகியும் சில இடங்களில் தளர்ந்தும் இருக்கும். இப்படிச் சுற்றினால் இழுவிசை ஓரளவு சீராகும். படம் துள்ளுவதில் ஒரு பங்கு இதிலேயே குறைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது டெக். வி.எச்.எஸ். டெக்கின் உள்ளே சாய்வாக நிற்கும் பளபளப்பான உருளை, நம் நாட்டுக்குரிய பால் என்னும் வீடியோ முறையில், நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது. அதன் விளிம்பில் எதிரெதிராக இரண்டு நுண்ணிய தலைகள் உள்ளன. ஒரு சுற்றில் இரண்டு தலைகளும் ஆளுக்கொரு ஃபீல்டைப் (பாதிப் படத்தை) படிக்க, இரண்டும் சேர்ந்து ஒரு ஃபிரேம் (முழுப் படம்) ஆகிறது, விநாடிக்கு 25 சுற்று, 25 ஃபிரேம். ஒரு தலையில் தூசி அடைத்தால் படத்தில் பனி பெய்வது போல் புள்ளிகள் நிறையும். இரண்டிலும் அடைத்தால் படமே வராமல் ஒலி மட்டும் கேட்கும். சுத்தம் செய்ய, மின் இணைப்பை அகற்றிவிட்டு, மேல்மூடியைத் திறந்து, நார் உதிராத மெல்லிய தோல் துணியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, அதை உருளையின் பக்கத்தில் அசையாமல் ஒரு விரலால் வைத்துக்கொண்டு, மறு கையால் உருளையின் மேற்பகுதியைப் பிடித்து மெதுவாகச் சுற்ற வேண்டும். அசைய வேண்டியது உருளை, துணி அல்ல. துணியை மேலும் கீழுமாகத் தேய்த்தால் தலை உடைந்துவிடும், அதோடு டெக்கின் ஆயுள் முடிந்தது. காதுக்குப் பயன்படுத்தும் பஞ்சுக்குச்சியும் வேண்டாம், அதன் நார் தலையில் மாட்டிக்கொள்ளும். உலர்வதற்குக் கால் மணி நேரம் விட்டு, பிறகு சோதனைக் கேசட்டைப் போடுங்கள். வி.எச்.எஸ். டெக் தயாரிப்பைக் கடைசியாக இருந்த ஜப்பானிய நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது என்பதால், இரவலாக வந்த அந்த டெக்கைக் கேசட்டுக்குக் கொடுக்கும் அதே மரியாதையோடு நடத்துங்கள்.

படம் ஓடும்போது, தலையை நாடாவின் தடத்தோடு ஒத்துப்போகச் செய்யும் டிராக்கிங் பொத்தானை இரு பக்கமும் நகர்த்தி, கோடுகள் மிகக் குறைவாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். இதைக் கணினியின் முன்னோட்டத் திரையில் அல்லாமல், பழைய குழாய்த் தொலைக்காட்சி கிடைத்தால் அதில் பார்த்துச் செய்வது மேல். படத்தின் அடி விளிம்பில் சில வரிகள் மட்டும் எப்போதும் நெளிந்துகொண்டிருக்கும், அது ஒரு தலையிலிருந்து மறு தலைக்கு மாறும் இடம். எல்லா வி.எச்.எஸ். கேசட்டிலும் அது இருக்கும். பழைய தொலைக்காட்சிகள் விளிம்பை மறைத்தே காட்டியதால் யாரும் பார்த்ததில்லை. அதைச் சரிசெய்ய முயல வேண்டாம், எடிட்டிங்கில் அந்தப் பட்டையை மட்டும் கறுப்பால் மூடிவிடலாம்.

இனி கறுப்பு வெள்ளைப் பிரச்சினை. இதற்குப் பொதுவான காரணங்கள் மூன்று. முதலாவது, கேப்சர் மென்பொருளில் வீடியோ முறை என்டிஎஸ்சி என்று இருப்பது. பல கருவிகள் பெட்டியிலிருந்து வரும்போதே அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன. அமெரிக்க முறையான அதில் 525 வரி, நிறத்துக்கான அலை 3.58 மெகாஹெர்ட்ஸ். நம் பால் முறையில் 625 வரி, நிறத்துக்கு 4.43 மெகாஹெர்ட்ஸ். நிறத்தைத் தவறான இடத்தில் தேடும் கருவிக்கு நிறம் கிடைக்காது, படமும் சில நேரம் உருளும். அமைப்பில் பால் பி என்பதைத் தேர்ந்தெடுங்கள். அளவு 720க்கு 576, விநாடிக்கு 25 ஃபிரேம் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய கேசட் ஏதேனும் இருந்தால் அதற்கு மட்டும் என்டிஎஸ்சியும் 480 வரியும் வேண்டும், அதைப் படிக்கும் டெக்கும் வேண்டும். இரண்டாவது காரணம், வயர் மஞ்சள் பின்னில் இருக்க, மென்பொருளில் எஸ் வீடியோ உள்ளீடு தேர்வாகியிருப்பது. எஸ் வீடியோவில் வெளிச்சமும் நிறமும் தனித்தனிக் கம்பியில் வரும் என்பதால் நிறக் கம்பியில் எதுவும் இல்லாதபோது கறுப்பு வெள்ளைதான் வரும். மூன்றாவது, மஞ்சள் பின் தளர்ந்திருப்பது. உங்களுக்குச் சில நேரம் மட்டும் நிறம் போகிறது என்பதால் நான் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். பின்னை மெல்ல அசைத்துப் பாருங்கள், நிறம் போய்ப் போய் வந்தால் வேறு வயர் போடுங்கள். டவுன் ஹால் ரோடு பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சற்றுத் தடித்த, உள்ளே நன்றாகக் கவசமிட்ட ஏ.வி. வயர் கேட்டால் கிடைக்கும். நீளம் ஒரு மீட்டருக்கு மேல் வேண்டாம்.

படமே வராமல் கறுப்பாக நின்றால் வயரைத் தேடுவதற்கு முன் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உள்ள தனியுரிமை அமைப்பைப் பாருங்கள். கேப்சர் கருவியை விண்டோஸ் கேமராவாகவும் அதன் ஒலியை மைக்காகவும் கருதுகிறது. டெஸ்க்டாப் செயலிகளுக்குக் கேமரா, மைக் அனுமதி மறுக்கப்பட்டிருந்தால் கருவி நன்றாக இருந்தும் ஒன்றும் வராது.

துள்ளலுக்கு வருவோம். இங்கே இரண்டு வேறு குறைகள் ஒரே முகத்தோடு வருகின்றன, அவற்றைப் பிரித்து அறிவதே இந்த வேலையின் பாதி. கேப்சர் மென்பொருளின் கீழே விட்டுப்போன ஃபிரேம்களின் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும். கண்ணைப் படத்தில் வைக்காமல் அந்த எண்ணில் வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். படம் சுத்தமாக ஓடும் இடத்திலும் எண் சீராக ஏறிக்கொண்டே போனால் கணினி தடுமாறுகிறது. படத்தில் கோடு வரும்போதோ, மிக்சிங் வெட்டு வரும்போதோ, நாடா நெளியும்போதோ மட்டும் எண் துள்ளினால் கணினி குற்றமற்றது, வருகிற சிக்னல்தான் உடைந்திருக்கிறது.

கணினி தடுமாறுகிறது என்றால், அது எங்கே மூச்சு வாங்குகிறது என்று பார்க்க வேண்டும். சுருக்காமல் எடுக்கும் பால் வீடியோவுக்கு விநாடிக்கு ஏறத்தாழ 20 மெகாபைட், அதாவது மணிக்கு 75 ஜிகாபைட் அளவு எழுத வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கும் இந்த வேகத்தைத் தாங்கும், ஆனால் விண்டோஸ் தன் வேலைகளையும் அதே டிஸ்கில் செய்துகொண்டிருந்தால் இடையில் ஒரு கணம் நிற்கும், அந்தக் கணத்தில் ஐந்து ஃபிரேம் போய்விடும். ஆகவே பதிவை விண்டோஸ் இல்லாத வேறொரு டிஸ்கில் எழுதுங்கள். வைரஸ் தடுப்பு மென்பொருளில் அந்த ஃபோல்டரை விலக்கி வையுங்கள். இணையத்தைத் துண்டித்துவிடுங்கள், ஏனெனில் விண்டோஸ் புதுப்பிப்பு சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் தொடங்குவதை நான் பார்த்திருக்கிறேன். பவர் அமைப்பில் டிஸ்க் உறங்குவதையும், யு.எஸ்.பி.யைத் தற்காலிகமாக நிறுத்தும் வசதியையும் அணைத்துவிடுங்கள். கருவியைக் கணினியின் பின்பக்கத் துளையில் நேராகச் செருகுங்கள். முன்பக்கத் துளைகள் உள்ளே நீண்ட கம்பியால் இணைக்கப்பட்டவை, ஒரு துளையைப் பலவாக்கும் ஹப் வழியாகப் போவது அதைவிட மோசம். ஒரே ஹப்பில் கேப்சர் கருவியும் வெளி டிஸ்கும் இருந்தால் இரண்டும் ஒரே பாதைக்கு அடித்துக்கொள்ளும்.

ஏற்றும்போதே எச்.264ஆகச் சுருக்கச் சொல்லியிருந்தால் அதையும் மாற்றுங்கள். பழைய பிராசசருக்கு அது சுமை. அதைவிட முக்கியமாக, வி.எச்.எஸ். படத்தின் மணற்புள்ளிகளைச் சுருக்கும் முயற்சியில் முகங்கள் மெழுகு பூசியது போல ஆகிவிடும். ஹஃப்ஒய்யுவி அல்லது லாகரித் போன்ற இழப்பில்லாத கோடெக்கில் (தரம் குறையாமல் சுருக்கும் முறையில்) ஏற்றினால் கோப்பு சுருக்காததில் பாதிக்கும் கீழே நிற்கும், பிராசசருக்கும் எளிது. விர்ச்சுவல் டப் என்ற இலவச மென்பொருளின் கேப்சர் பகுதி இதற்கு இன்றும் எனக்குப் பிடித்தது. ஓ.பி.எஸ். என்ற மென்பொருளைப் பயன்படுத்துவீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: அது தானாகப் பெரும்பாலும் 1920க்கு 1080, விநாடிக்கு 30 ஃபிரேம் என்று இருக்கும். 25 ஃபிரேம் படத்தை 30க்குள் திணித்தால் ஒரு ஃபிரேமும் விட்டுப்போகாமலே படம் விநாடிக்கு ஐந்து முறை தட்டித் தட்டி நகரும். வீடியோ அமைப்பில் 25ஐயும், 720க்கு 576ஐயும் நீங்களே இட வேண்டும்.

சிக்னல்தான் உடைந்திருக்கிறது என்று தெரிந்தால் கதை வேறு. பால் முறையில் ஒரு வரி 64 மைக்ரோ விநாடியில் முடிய வேண்டும், விநாடிக்கு 15,625 வரி. நீண்டும் சுருங்கியும் போன நாடாவிலிருந்து வரிகள் ஒன்று சற்று முந்தியும் ஒன்று சற்றுப் பிந்தியும் வரும். பழைய தொலைக்காட்சி அதைப் பொறுத்துக்கொண்டு படத்தை இழுத்துப் பிடிக்கும், கேப்சர் கருவி பொறுக்காது, வரிகள் கணக்குத் தவறினால் அந்த ஃபிரேமையே கீழே போட்டுவிடும். தொலைக்காட்சியில் நன்றாக ஓடுகிறது, கணினியில் மட்டும் துள்ளுகிறது என்று நீங்கள் சொன்னதற்கு விளக்கம் இதுதான். இதற்கான மருந்து டைம் பேஸ் கரெக்டர் என்னும் கருவி. வரும் வரிகளை நினைவகத்தில் வாங்கி வைத்து, ஒழுங்கான இடைவெளியில் வெளியே விடும். தனிக் கருவியாக அது விலை அதிகம், கிடைப்பதும் அரிது. ஆனால் உள்ளீடும் வெளியீடும் உள்ள பழைய டி.வி.டி. ரெக்கார்டர் கிடைத்தால், டெக்கிலிருந்து அதற்குள் விட்டு, அதிலிருந்து கேப்சர் கருவிக்குக் கொடுத்துப் பாருங்கள். பதிவு எதுவும் செய்ய வேண்டாம், படம் அதன் வழியே கடந்து வந்தால் போதும். சில மாடல்களில் உள்ளே இந்தத் திருத்தம் நடக்கிறது, சாய்ந்து நெளிந்த கம்பங்கள் நிமிர்ந்து நிற்பதைக் கண்ணாலேயே காணலாம். உங்கள் மினி டி.வி. கேமராவுக்கு ஏ.வி. உள்ளீடு இருந்தால் அதுவும் நல்ல வழி. டெக்கைக் கேமராவில் கொடுத்து, கேமராவிலிருந்து ஃபயர்வயர் வழியாகக் கணினிக்குக் கொண்டுவரலாம். டெக்கின் மெனுவில் சிக்னல் பலவீனமானால் நீலத் திரை காட்டும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள், மங்கலாகவாவது வரக்கூடிய நான்கு விநாடியை அது முழு நீலமாக்கி விழுங்கிவிடும்.

ஒலி விலகுவதையும் இதே போல இரண்டாகப் பிரிக்க வேண்டும். அதற்கு உங்கள் கேசட்டிலேயே நல்ல அளவுகோல் இருக்கிறது. தவில் வாசிப்பவரின் இடக் கையில் இருக்கும் கோல் தொப்பி எனப்படும் இடப்பக்கத் தோலில் விழும் கணத்தைத் தேடுங்கள். கோல் தோலைத் தொடும் ஃபிரேமும், ஒலி அலையில் கூர்மையாக எழும் முனையும் ஒன்றாக இருக்க வேண்டும். எடிட்டிங் மென்பொருளில் ஒலி அலையைப் பெரிதாக்கி, மாப்பிள்ளை அழைப்பில் ஓரிடம், கெட்டிமேளத்தில் ஓரிடம், சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால் ஓரிடம் என மூன்று இடத்தில் இந்த இடைவெளியை ஃபிரேம் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

இடைவெளி 3, 6, 9 என்று நேரத்தோடு சீராக வளர்ந்தால் ஃபிரேம் எதுவும் போகவில்லை, இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை. ஒலியைக் கேப்சர் கருவியில் கொடுக்காமல் கணினியின் மைக் துளையில் கொடுத்தால் இது வரும், ஏனெனில் படத்தை எண்ணுவது ஒரு கடிகாரப் படிகம், ஒலியை எண்ணுவது வேறொரு படிகம். பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் ஒன்பது ஃபிரேம் ஆகிவிடும். சிவப்பு, வெள்ளைப் பின்களை அதே கேப்சர் கருவியில் கொடுத்து, மென்பொருளிலும் அந்தக் கருவியின் ஒலியையே தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே ஏற்றிய கோப்பாக இருந்தால், ஒலியின் நீளத்தை அந்த அளவு சுருக்கியோ நீட்டியோ சரிசெய்துவிடலாம். கேசட்டை மறுபடி ஓட்ட வேண்டியதில்லை. இடைவெளி 0, 0, 25 என்று ஓரிடத்தில் மட்டும் தாவினால் அங்கே ஃபிரேம்கள் விட்டுப்போயிருக்கின்றன, படம் குறுகி முந்திக்கொண்டது, ஒலி பிந்தி நிற்கிறது. நீங்கள் சொன்னபடி ஒலி பின்னால் வருவதால் இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். இதை நீட்டிச் சுருக்கிச் சரிசெய்ய முடியாது. தாவிய இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே ஒலியை வெட்டி நகர்த்த வேண்டும், அல்லது மேலே சொன்ன வழியில் துள்ளலை ஒழித்துவிட்டு ஒரு முறை மட்டும் மறுபடி ஏற்ற வேண்டும்.

மினி டி.வி. கேசட் இருபதாவது நிமிடத்தில் நிற்பதற்கு விடை மிக எளிது. உங்கள் வெளி டிஸ்க் ஃபேட் 32 முறையில் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அந்த முறையில் எந்த ஒரு கோப்பும் 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. மினி டி.வி. வீடியோ விநாடிக்கு ஏறத்தாழ 3.6 மெகாபைட் எழுதுகிறது, மணிக்கு 13 ஜிகாபைட், ஆகவே இருபது நிமிடத்தை நெருங்கும்போது 4 ஜிகாபைட் நிறைந்துவிடும். டிஸ்கில் உள்ளவற்றை வேறு இடத்துக்குப் பிரதி எடுத்துவிட்டு, என்.டி.எஃப்.எஸ். முறையில் மறுவடிவமைப்பு செய்யுங்கள். வேறு யாருக்கேனும் ஒன்பதரை நிமிடம் அளவில் நின்றால் அது பழைய ஏ.வி.ஐ. கோப்பின் 2 ஜிகாபைட் எல்லையாக இருக்கும், புதிய மென்பொருளால் அது தீரும்.

மினி டி.வி. பற்றி இன்னும் சில சொல்ல வேண்டும். மினி டி.வி. கேசட்டில் இருப்பது ஏற்கெனவே எண்ணாக்கப்பட்ட தகவல், ஃபயர்வயர் வழியாக அது பிரதியாகிறதே தவிர மறுபடி படமாக எடுக்கப்படுவதில்லை. கேமராவின் யு.எஸ்.பி. துளை பெரும்பாலும் புகைப்படங்களுக்கும் தரம் குறைந்த வெப்கேம் படத்துக்கும் மட்டுமே, அதில் ஏற்ற வேண்டாம். விண்டோஸ் 8 முதல் பழைய ஃபயர்வயர் டிரைவர் உடன் வருவதில்லை, கேமராவை அடையாளம் காணவில்லை என்றால் மைக்ரோசாஃப்ட் தனியாகத் தந்த லெகசி டிரைவரை நிறுவி, டிவைஸ் மேனேஜரில் அதைத் தேர்ந்தெடுங்கள். கேமராவையும் கணினியையும் அணைத்துவிட்டே ஃபயர்வயர் வயரைச் செருகுங்கள். ஆறு முள் பக்கத்தில் மின்சாரமும் வருகிறது, தலைகீழாகச் செருகினால் கேமராவின் அந்தப் பகுதி எரிந்துவிடும். ஏற்றிய படத்தில் சதுரச் சதுரமாகத் தெரிந்தால் தலை அழுக்கு, அல்லது எல்.பி. என்னும் குறைந்த வேகத்தில் எடுத்தது. எல்.பி.யில் தடங்கள் 10 மைக்ரானுக்குப் பதில் 6.67 மைக்ரான் அகலத்துக்கு நெருக்கப்படுவதால், எடுத்த கேமராவிலேயே ஓட்டினால்தான் பெரும்பாலும் சரியாக வரும். தாத்தாவை எடுத்த அதே கேமரா சித்தப்பா வீட்டிலோ அத்தை வீட்டிலோ பரணில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கேசட்டில் இடையிடையே காலியான இடங்கள் இருந்தால் நேரக் குறியீடு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும், சில மென்பொருள்கள் அங்கே நின்றுவிடும். ஃபிரேம் விட்டுப்போனால் நிறுத்து என்ற அமைப்பை அணைத்துவிடுங்கள். ஒலி 32 கிலோஹெர்ட்ஸில் பதிவாகியிருக்கலாம், அப்போது 48 கிலோஹெர்ட்ஸ் புராஜெக்டில் போடும்போது மென்பொருள் அதை முறையாக மாற்றுகிறதா என்று காதால் கேட்டுச் சரிபாருங்கள்.

ஏற்றிய கோப்பைக் கணினியில் பார்க்கும்போது, யாராவது வேகமாகத் தலையைத் திருப்பினால் விளிம்பில் சீப்புப் பற்கள் போலக் கோடுகள் தெரியும். பயப்பட வேண்டாம், ஒரு ஃபிரேமில் விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் எடுத்த இரண்டு ஃபீல்டுகள் பின்னிக் கிடப்பதன் அடையாளம் அது. ஏற்றும்போது அதை நீக்க முயலாமல் அப்படியே காப்பாற்றி வைத்து, எல்லா எடிட்டிங்கும் முடிந்த பிறகு, ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழுப் படமாக விரித்து விநாடிக்கு 50 ஃபிரேமாக மாற்றுங்கள். பெண் அழைப்பு ஊர்வலத்தில் நடப்பவர்களின் கால்கள் வழுக்கிக்கொண்டு போவது போல இயல்பாக நகரும். மாறாக உருவங்கள் முன்னும் பின்னுமாக அதிர்ந்தால் ஃபீல்டு வரிசை தவறியிருக்கிறது. மினி டி.வி. கோப்புக்குக் கீழ் ஃபீல்டு முதலில், அனலாக் கருவியில் பெரும்பாலும் மேல் ஃபீல்டு முதலில். அகலத்தையும் கவனியுங்கள். 720க்கு 576 என்பது திரையில் 4க்கு 3 விகிதத்தில் தெரிய வேண்டிய படம், அகலத் திரைக்கு இழுத்து நிரப்பாதீர்கள்.

மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியையும் பாருங்கள். அந்தக் காலத்து வீடியோ லைட்டின் வெளிச்சத்தில் வேட்டியின் மடிப்புகள் கேசட்டில் இருக்கும், ஆனால் கேப்சர் கருவியின் பிரைட்னஸ் தானாக இருந்த இடத்தில் விட்டால் ஒரே வெள்ளைத் தகடாகிவிடும். ஏற்றுவதற்கு முன் பிரைட்னஸையும் கான்ட்ராஸ்டையும் சற்றுக் குறைத்து, மடிப்பும் கரையும் தெரியும்வரை கொண்டுவாருங்கள். ஏற்றும்போது தகடாகிவிட்ட வெள்ளையை எடிட்டிங்கில் எவ்வளவு குறைத்தாலும் மடிப்பு திரும்பி வராது.

மின்சாரம் பற்றியும் ஒரு சொல். ஒலியில் ங் என்ற ரீங்காரமோ, படத்தில் மேலே ஏறும் மங்கிய பட்டையோ வந்தால் டெக், கணினி, தொலைக்காட்சி மூன்றும் வெவ்வேறு பிளக்கில் இருக்கின்றனவா என்று பாருங்கள், எல்லாவற்றையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் கொண்டுவாருங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். டெக்கையும் கணினியையும் யு.பி.எஸ்.ஸில் போடுங்கள். கேசட் ஓடும்போது மின்சாரம் போனால் நாடா உருளையைச் சுற்றியபடியே உள்ளே நின்றுவிடும், மறுபடி வரும்போது சில டெக்குகள் அதைக் கடித்துவிடும். சித்திரை, வைகாசியில் மாடி அறையில் மதியம் இந்த வேலை வேண்டாம், கட்டைவிரல் அளவுள்ள கேப்சர் கருவிகள் சூடேறினால் தாமாகவே இணைப்பை விட்டுவிடுகின்றன. நான் விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் தொடங்குவேன்.

சோதனைக் கேசட்டில் பத்து நிமிடம் ஒரு ஃபிரேமும் போகாமல் ஓடிய பிறகு திருமணக் கேசட்டைப் போடுங்கள். இரண்டு மணி நேரமும் பக்கத்தில் இருங்கள், கணினியில் வேறு எதையும் திறக்காதீர்கள். முடிந்ததும் தவில் கோலை மூன்று இடத்திலும் சரிபார்த்து, அந்தக் கோப்பை வேறொரு டிஸ்கிலும் பிரதி எடுத்த பிறகே எடிட்டிங்கைத் தொடங்குங்கள். கேசட்டைத் தொடக்கத்துக்குச் சுற்றி, உறையில் இட்டு, புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். அதன் பிறகும் குறை இருந்தால், விட்டுப்போன ஃபிரேம் எண்ணிக்கையையும், எந்த நிமிடத்தில் ஏறியது என்பதையும், மூன்று இடத்து இடைவெளிக் கணக்கையும், மென்பொருளின் பெயரையும் எழுதி அனுப்புங்கள். அந்த எண்களைப் பார்த்தால் அடுத்து எந்த வயரைத் தொட வேண்டும் என்று என்னால் சொல்ல முடியும்.